பாலத்துக்குக் கீழே

சுங்கான் புகையின் வாசனை மூக்கில் பட்டதும் எனக்குக் கால் சில்லிட்டது. பழைய துரையின் பேரன், வாயில் சுங்கானோடு, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கல்பாலத்தைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வந்திருந்தான்.

"இவரோட தாத்தா கட்டுன பாலமாம், ஆச்சி. வரலாறு கேக்குறாரு" என்றான் கூட வந்த வழிகாட்டி.

கட்டினாராம்! கல் உடைத்துச் சுமந்தவர் என் அம்மாவின் அப்பா. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகும், துரை பாலத்தில் ஏறினால் நாங்கள் ஆற்றில் இறங்கி நிற்க வேண்டும். ஒருநாள் அம்மா காய்ச்சல் உடம்போடு, கொழுந்துக் கூடையைச் சுமந்தபடி தண்ணீரில் நின்றாள். துரை நடுப்பாலத்தில் நின்று நிதானமாகச் சுங்கானைப் பற்றவைத்தான்.

"நம்ம தாத்தா கட்டுன பாலந்தானே, ஏம்மா எறங்கணும்?"

"வாய மூடுடி. அவன் போய்த் தொலையட்டும்." அம்மாவின் பற்கள் கிட்டித்தன. அந்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை.

"வரலாறெல்லாம் கீழதான் இருக்கு. எறங்கிப் பாக்கச் சொல்லு" என்றேன் வழிகாட்டியிடம்.

பேரன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினான். தண்ணீர் முழங்காலைத் தாண்டியதும் அவன் உடம்பு வெடவெடத்தது. அண்ணாந்து பார்த்து, எங்கே என்று கையால் கேட்டான்.

நான் நடுப்பாலத்தில் நின்று, வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளி, நிதானமாகச் சுண்ணாம்பு தடவினேன்.