அழிக்கலாமா?

நம்பாவிட்டால் பரவாயில்லை. என் விரலில் பட்டதை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியவன் நான். எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் வெளிவருவதற்கு முன்பே அதைப் போட்டுப் பார்த்துக் குறை சொல்வது என் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொல்கிற ஒரே ஆள் மச்சான்தான் என்று அத்தான் கிண்டல் செய்வார். அக்காவின் கணவர். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது.

பழைய பதிப்பிலிருந்து, இன்னும் முழுதாக உருவாகாத புதிய பதிப்புக்கு ஒரு கம்ப்யூட்டரை மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் புதுசு உதவாது. யாராவது பல வருடம் புழங்கியதாக இருக்க வேண்டும். கைவசம் அத்தானின் லேப்டாப் இருந்தது. மெதுவாக ஓடுகிறது, சரிசெய்து கொடு என்று அக்கா கொடுத்தது.

“பாப்பாவுக்கு அவர் கதை சொல்லிப் பதிவு பண்ணதெல்லாம் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல. முதல்ல காப்பி எடுத்துடுடா.”

எடுத்துவிட்டேன் என்று போனில் சொன்னேன். எடுக்கவில்லை. சுத்தச் சோம்பேறித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2:40. வீட்டில் நான் மட்டும். என்னுடைய கீபோர்டை அதில் செருகினேன். வரும் கேள்விக்கெல்லாம் ‘ஆம்’ என்று தானாகவே பதில் போகும்படி வைத்துவிட்டு டீ போடப் போனேன்.

3:12. டொக்.

அடுப்படி வரை கேட்டது. வந்து பார்த்தேன். வேலை 71 சதவீதத்தில் நின்றிருந்தது. திரையில் ஒரு கேள்வி.

‘பழைய கோப்புகள் பொருந்தவில்லை. அழிக்கலாமா? Y / N’

ஆம் என்ற பதில் தானாக விழுந்தது... Y.

டொக். Y மறைந்தது. N.

மறுபடி Y.

டொக். N.

நான் எதையும் தொடவில்லை. என் கீபோர்டில்தான் ஏதோ கோளாறு என்று அதைப் பிடுங்கிப் போட்டேன்.

டொக்... டொக்...

சத்தம் லேப்டாப்பிலிருந்து வந்தது. குனிந்தேன்.

அதில் N பட்டனே இல்லை. அந்த இடத்தில் ஒரு குழி. குழிக்குள் சின்ன ரப்பர் குமிழ்.

அது அமுங்கியது. எழும்பியது.

அமுங்கியது...

யாரும் இல்லை.

பவர் பட்டனை நோக்கிக் கை நீட்டினேன். அவசரத்தில் விரல் குழியில் பட்டது.

ஈரம்.

3:16. திரை அணைந்தது.

அன்று மாலையே டிஸ்கைக் கழற்றிக் காப்பி எடுத்தேன். ஒரு கதைகூடப் போகவில்லை. பிறகு அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டாள். மேசையில் தட்டிக் காட்டினேன்.

“பாப்பா அந்தப் பட்டனை எப்பவோ பிடுங்கிட்டா. அவர் பேனாவாலதான் குத்துவாரு.”

“அந்தப் பேனா எங்கக்கா?”

“சட்டைப்பையிலயே இருந்துச்சு. கசியுதுன்னு தெரிஞ்சும் எடுக்க மனசு வரல. அவரோட சேர்த்தே எரிச்சிட்டோம்.”

என் கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். சுட்டுவிரல் நுனியில் நீல மை இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை.