ஒரு கிலோ பக்கற்றில் மட்டும் வந்த பிழை

நெடுங்கேணிக்கு அருகிலுள்ள ஒரு மா ஆலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை எனக்கு. அங்கே புட்டு மா அடைக்கும் பொதியிடும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அது இரண்டு கிழமையாக எங்களைப் பைத்தியம் பிடிக்க வைத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று சிவப்பு விளக்கு எரியும், எல்லாம் நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். நான் கருவிப் பெட்டியோடு போய் நின்றால் ஒரு மணி நேரம் நிற்காது.

பிழை மோட்டரை இயக்கும் சேர்வோ ட்ரைவில் இருந்து வந்தது. மோட்டர் இப்போது எங்கே நிற்கிறது என்ற செய்தி தனக்கு வந்து சேரவில்லை என்று அதன் சிறு திரை சொல்லும். இயந்திரத்தை விற்ற கொழும்பு முகவர் தொலைபேசியில், "ட்ரைவை மாத்துங்கோ" என்றார். மூலையில் பழுதாகிக் கிடந்த அதே வகை இயந்திரத்தின் ட்ரைவைக் கழற்றிப் பூட்டினேன். அடுத்த நாளே நின்றது. மின்னழுத்தம் பார்த்தேன், நிலக்கம்பி பார்த்தேன், காற்றாடியில் படிந்த மாவைத் துடைத்தேன். நின்றுகொண்டேயிருந்தது.

அப்போதுதான் முதலாளி இயந்திரம் ஓட்டிய அக்காவைச் சந்தேகித்தார். அக்காவின் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். ஆலையில் அவரளவுக்குக் கைவேகம் எவருக்கும் இல்லை.

"அவா அவசரப்பட்டுக் கண்ட பட்டனையும் அமத்துறா போல கிடக்கு," என்றார் முதலாளி. அக்காவை மா அரிக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டு வேறொருவரை நிறுத்தினார்.

மூன்று நாள் இயந்திரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. "பாத்தீங்களோ?" என்றார். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

நான்காம் நாள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடைகள் கேட்ட ஒரு கிலோ பக்கற் வேலை தொடங்கியது. கால் மணி நேரத்தில் சிவப்பு விளக்கு. புது ஆள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "நான் ஒண்டையும் தொடேல்லை!"

எனக்குள் ஏதோ பளிச்சென்றது. ஆள் மாறியும் பிழை மாறவில்லை. நேரே அரிக்கும் பகுதிக்குப் போனேன். அக்கா தலைமுடியெல்லாம் மாவாக நின்றார்.

"அக்கா, மிசின் எப்ப எப்ப நிண்டது? ஞாபகம் இருக்கோ?"

அவர் அரிதட்டைக் கீழே வைக்கவில்லை. "ஒரு கிலோ போடுறப்ப மட்டுந்தான் தங்கச்சி. அரைக் கிலோவுக்கு ஒரு நாளும் நின்னதில்ல. அன்னிக்கே சொன்னேன். யாரு கேட்டீங்க?"

அந்த மூன்று நாளும் அரைக் கிலோதான் ஓடியது! எனக்கு ஓடவேண்டும் போல இருந்தது. பக்கற்றின் வாயை ஒட்டி வெட்டும் தாடை ஒரு மோட்டரோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். பக்கற் நீளமானால் தாடை இன்னும் கீழே இறங்கவேண்டும். அப்போது மோட்டரின் கேபிளும் கூட வளையும்.

"அக்கா, ஒருக்கா வாங்கோ. உங்கட கை வேணும்."

அக்கா அங்கே நின்ற முதலாளியின் முகத்தைப் பார்த்தார், பிறகு வந்தார். மின்சாரத்தை நிறுத்தி, மோட்டரிலிருந்து செய்தி கொண்டுவரும் கேபிளை இரு முனையிலும் கழற்றி, அதிலுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக மல்டிமீற்றரில் பிடித்தேன். கம்பி முழுசாக இருந்தால் மீற்றர் கூவும். அக்கா தாடையைக் கையால் மெல்லக் கீழே தள்ளினார். முதல் மூன்று கம்பிகளும் கடைசிவரை கூவின. நான்காவது அரைக் கிலோ அளவுவரை கூவியது. இன்னும் நாலு விரல் இறங்கியதும் சத்தம் நின்றது.

"மேல தள்ளுங்கோ!"

கூவியது.

"கீழ!"

நின்றது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "இன்னொருக்கா பாப்போமா?" என்று தானே தள்ளினார். பத்துத் தடவையாவது செய்திருப்போம். நான் நின்ற இடத்திலேயே துள்ளினேன்.

கேபிளை வெளியே இழுத்தபோது காரணமும் தெரிந்தது. அசையும் இடத்தில் கேபிளைச் சட்டத்தோடு சேர்த்து ஒரு பச்சை பிளாஸ்டிக் கட்டு இறுக்கிப் போட்டிருந்தது. அந்த ஒரே இடத்தில் மடிந்து மடிந்து உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. பச்சைக் கட்டு வவுனியாவில் நான் வாங்குவது. கடைசியாகச் சுத்தம் செய்தபோது கேபிள் ஆடாமல் இருக்கட்டும் என்று நான்தான் கட்டினேன்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்தப் பச்சைக் கட்டை வெட்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்து முதலாளியிடம் நீட்டினேன். "ஐயா, இது என்ர பிழை. அக்கான்ர இல்லை."

அவர் கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, முதல்ல ஓடச் செய்யுங்கோ."

மூலையில் கிடந்த பழைய இயந்திரத்தின் கேபிளைக் கழற்றி, அசையும் இடத்தில் தாராளமாக வளையவிட்டுப் பூட்டினேன். ஒரு கிலோவுக்கு அளவு வைத்தேன். முதலாளி அக்காவைப் பார்த்து, "நீங்களே ஓட்டுங்கோ பிள்ளை," என்றார்.

அக்கா அசையவில்லை. "என் கைல பிழை இல்லன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க ஐயா. அப்புறம் ஓட்டுறேன்."

முதலாளி தொண்டையைச் செருமினார். "ஓம், நான்தான் பிழையா நினைச்சுப்போட்டன்," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அக்கா பொத்தானை அழுத்தினார். பக்கற்றுகள் டக், டக் என்று விழத் தொடங்கின. பின்னேரம்வரை ஒரு தடவையும் நிற்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தும் அந்த இடத்தை விட்டுப் போக மனம் வரவில்லை. ஒவ்வொரு அரை மணிக்கும் எட்டிப் பார்த்தேன். அக்கா திரும்பாமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாவுக்கு முழுக் கதையையும் சொன்னேன். கேபிள் வளைந்ததைக் கைப்பையின் வாரை வளைத்து விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பிள்ளைக்குத் திரும்ப மிசினைக் குடுத்திட்டினமோ?" என்றார்.

"ஓம் அம்மா, குடுத்திட்டினம்!" என்றேன். முன் கதிரையில் இருந்தவரும் திரும்பிப் பார்த்தார்.