பெண்ணின் தந்தை பாராசூட்டில் இறங்கிய காலை

மூன்று ஆண்டுகளாக ஏறக்குறைய தினமும் பேசிவரும் ஒருவரைத் திருமணத்துக்கு முறையாக அழைக்க வேண்டுமென்றால், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? என் திருமணத்துக்கு ஐந்து வாரங்கள் இருந்தபோது இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் போனதற்குக் காரணமும் நானேதான்.

கைபேசியில் ஆடும் ஒரு போர் விளையாட்டில் நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. நான், என்னோடு சமூகப்பணி படித்த கைலாசபுரத்துத் தோழி, மூன்றாவதாக ஒரு குரல். அந்தக் குரலை ‘டிரைவர் அண்ணன்’ என்று அழைத்தோம். ஆட்டத்தில் எந்த வண்டி கிடைத்தாலும் அவர்தான் ஓட்டுவார். ஒருநாள் ஆள் குறைந்தபோது தற்செயலாக எங்களோடு சேர்க்கப்பட்டவர், பிறகு போகவே இல்லை. அவர் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விடும், அவர் மகள் ஏழாம் வாய்ப்பாட்டில் எந்த இடத்தில் தடுமாறுவாள், அவருக்கு மோர்க்குழம்பு ஏன் பிடிக்காது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாது. ஊர் தெரியாது.

தெரியக் கூடாது என்று விதி எழுதியவள் நான். நம் பக்கத்தில் ஒருவரிடம் பெயரைக் கேட்டால் அடுத்து ஊரைக் கேட்போம். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்போம். தெருவைச் சொன்னதும் மேற்கொண்டு எதையும் கேட்காமலேயே அவரை ஓர் இடத்தில் உட்காரவைத்துவிடுவோம். ஒரு விளையாட்டுக்குள்ளாவது அது நடக்க வேண்டாம் என்று நான் விரும்பினேன். விளைவுகளை எல்லாம் யோசித்து, ‘பெயர், ஊர், குடும்பம் குறித்து எவரும் எவரையும் வினவலாகாது’ என்று குழுவின் உரையாடல் பக்கத்தில் எழுதி வைத்தேன். தோழி கைதட்டும் படம் ஒன்றைப் போட்டாள். “அரசாங்க உத்தரவு மாதிரியே இருக்கும்மா, ரப்பர் ஸ்டாம்புதான் பாக்கி” என்றார் டிரைவர் அண்ணன். அதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று அதைப் படம் எடுத்தேன். அனுப்பும் முன்புதான் விதி நினைவுக்கு வந்தது. அழைப்பிதழ் என்பதே பெயர்களும் ஊர்களும்தானே? நான் எழுதிய விதியை நானே மீறலாமா? ஆகவே படத்தில் இருந்த என் பெயர், மணமகன் பெயர், பெற்றோர் பெயர்கள், ஊர்கள் அனைத்தின் மேலும் கறுப்புப் பட்டை இழுத்தேன். தேதியும் நேரமும் ஸ்ரீரங்கத்து மண்டபத்தின் முகவரியும் மட்டும் மிஞ்சின. மனநிறைவோடு அனுப்பினேன்.

‘பார்த்தேன்’ என்று பதில் வந்தது. அதன் பிறகு இரண்டு நாட்கள் அவர் ஆட்டத்துக்கே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். நான் ஒரு சாலையோரம் ஓடிக்கொண்டிருந்தேன். எதிரிகள் பின்னால் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஜீப்பில் வந்தார், தோழியை ஏற்றிக்கொண்டார், என்னைக் கடந்து போய்விட்டார். மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட அப்படி நடந்ததில்லை.

“அண்ணே, அவ அங்க நிக்கிறா! விட்டுட்டு வந்துட்டீங்க!” என்று தோழி கத்தினாள்.

“பாத்தேன், பாத்தேன். ஜீப்புல எடமில்ல.”

“பின்னாடி ரெண்டு சீட்டு காலியா இருக்கேண்ணே!”

“அதுக்குக் கறுப்பு மை பூசியிருக்கு” என்றார் அவர்.

நான் சுடப்பட்டு வீழ்ந்தேன். அந்த விளையாட்டில் வீழ்ந்தவர் உடனே மடிவதில்லை; கூட்டாளி வந்து தூக்கிவிடும்வரை தவழலாம், பேசலாம். வீழ்ந்த நிலையில் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம் என்பது குரலில் தெரிந்தது. “அது கல்யாணப் பத்திரிகையா, போலீஸ் ரிப்போர்ட்டா? என் சம்சாரத்துக்கிட்ட காட்டினேன். ‘யாருக்குக் கல்யாணம்?’ன்னு கேட்டுச்சு. தெரியலன்னு சொன்னேன். அது சிரிச்ச சிரிப்பு இருக்கே!”

“அண்ணே, நீங்க அவசியம் வரணும்.”

“எப்படி வரது? என்னைக் கூப்பிட்டாத்தானே வர முடியும்? ஒரு நோட்டீசைப் போட்டுட்டா ஆச்சா? குடும்பத்தோட வந்து கூப்பிடுங்க, குடும்பத்தோட வரேன்.”

“அப்ப வீட்டு அட்ரஸ் சொல்லுங்க.”

“அதெல்லாம் சொல்லலாகாது. சட்டம் இருக்குல்ல?”

மறுநாள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். பெயர் தெரியாத ஒருவரோடு மூன்று ஆண்டுகளாகப் பேசிவருகிறேன் என்பதை அம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கறுப்புப் பட்டை என்றதும்தான் எழுந்து நின்றுவிட்டார்.

“மஞ்சள் தடவற பத்திரிகைல கறுப்பு பூசினியா? கல்யாணப் பொண்ணு பேரு மேலயா? ஏன்டி, எம்.எஸ்.டபிள்யூ.ல இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களா?”

அப்பா தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குறை என்று ஒன்று தெரிந்துவிட்டால் அதற்கு நிவர்த்தி எழுதாமல் தூங்கமாட்டார். “அவரோட நீ பழகின இடம் எது?” என்று கேட்டார்.

“அந்த விளையாட்டுதான்ப்பா.”

“அப்ப அங்கேயே போய் அழைப்போம்.”

அம்மா நாள்காட்டியைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் என்று நேரம் குறித்தார். அதை டிரைவர் அண்ணனுக்கு நான் குழுவில் தெரிவித்தேன். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பதால் தோழியும் கைலாசபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வர வேண்டியதாயிற்று. ஒரே கூடத்தில் பல கைபேசிகள் இருந்ததில் குரல் எதிரொலித்தது. ஆகவே தோழியைச் சமையலறைக்கு அனுப்பினோம். அம்மா அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டை மடியில் வைத்தபடி அப்பாவின் அருகில் அமர்ந்தார். அவரை யாரும் பார்க்கப் போவதில்லை என்று நான் சொன்னேன். “நமக்குத் தெரியும்ல?” என்றார்.

விளையாட்டில் சேர அப்பாவுக்கு ஒரு புனைபெயர் தேவைப்பட்டது. விதியை மதித்து அவர் ‘பெண்ணின் தந்தை’ என்று பதிந்தார். புதிதாகச் சேருபவர்களுக்கு அந்த விளையாட்டு ஓர் அரைக்கால் சட்டையைத் தவிர வேறெதுவும் தருவதில்லை. அம்மா திரையை எட்டிப் பார்த்தார்.

“இவரு இப்படியேவா அழைக்கப் போறாரு? ஒரு சட்டை குடுடி!”

வேட்டி அங்கே கிடையாது. இருந்ததில் வெள்ளையாக ஒரு கராத்தே உடை மட்டுமே அகப்பட்டது. அதை உடுத்தி, விமானத்திலிருந்து குதித்து, பாராசூட்டில் மெல்ல இறங்கி, ஒரு கோழிப்பண்ணைக் கூரையின் மேல் போய் நின்றார் என் தந்தை.

டிரைவர் அண்ணன் முன்பே இறங்கி ஆற்றங்கரையில் ஓர் ஓட்டு வீட்டைப் பிடித்து வைத்திருந்தார். அழைக்க வருபவர்கள் வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டுமல்லவா? நான் அப்பாவைக் கூரையிலிருந்து குதிக்கவைத்து, வழி சொல்லி, அந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கதவு திறந்தே கிடந்தது. அப்பா உள்ளே நுழையவில்லை.

“வீட்டுல யாருங்க?”

“வாங்க, வாங்கய்யா! உள்ள வாங்க!” ஆட்டத்தில் அவ்வளவு பணிவாக அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

“செருப்பைக் கழட்ட எந்த பட்டனும்மா?” என்று அப்பா என்னிடம் கேட்டார். அப்படி ஒரு பொத்தான் இல்லை என்றேன். சங்கடத்தோடு உள்ளே போனார்.

“கையில துப்பாக்கி எதுக்கு? கீழ வைங்க!” என்றார் அம்மா.

தாம்பாளத்துக்குப் பதிலாக, வழியில் கிடைத்த ஒரு வாணலியை நான் தரையில் வைத்தேன். தோழி அதன் அருகில் இரண்டு முதலுதவிப் பெட்டிகளையும் ஒரு சத்துப்பானத்தையும் அடுக்கினாள். அப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கறுப்புப் பட்டை இல்லாத அசல் அழைப்பிதழைக் கையில் எடுத்து, எங்கள் அனைவரின் பெயர்களோடும் ஊர்களோடும் உரக்கப் படிக்கத் தொடங்கினார். அது நான் எழுதிய விதிக்கு முரணானது. நான் தடுக்கவில்லை.

மணமகனின் தாத்தா பெயர் வரை வந்தபோது சன்னல் உடைந்தது. ‘பெண்ணின் தந்தை வீழ்த்தப்பட்டார்’ என்று திரையில் எழுத்து ஓடியது.

“ஐயோ!” என்று அம்மா தட்டோடு எழுந்தார்.

“ஐயா, அசையாதீங்க! நான் தூக்கிவிடறேன்!” டிரைவர் அண்ணன் புகைக்குண்டை வீசிவிட்டு அப்பாவின் அருகில் மண்டியிட்டார். “நீங்க படிங்க, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அப்பா தவழ்ந்த நிலையில் முகூர்த்த நேரத்தைப் படித்தார். நானும் தோழியும் வாசலில் நின்று சுட்டோம். சுடும்போதும் எனக்கு ஒரே கவலைதான்: படித்து முடிப்பதற்குள் நாங்கள் மடிந்துவிட்டால், அவரை அழைத்ததாகக் கொள்ள முடியுமா? தோழி வீழ்ந்தாள். நான் வீழ்ந்தேன்.

“...சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறேன்” என்று அப்பா முடித்தார். பிறகு, அழைப்பிதழில் இல்லாத ஒன்றைக் கேட்டார். “தம்பி, உங்க பேரு என்னங்க? எந்த ஊரு?”

சமையலறையில் இருந்த தோழியும் கூடத்துக்கு ஓடி வந்துவிட்டாள்.

அவர் பெயரைச் சொன்னார். வையம்பட்டி என்றார். மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் சொன்னார். “கண்டிப்பா வந்துடறோங்கய்யா. இத்தனை நாளா யாராச்சும் கேக்கமாட்டாங்களான்னு இருந்துச்சு” என்றார். அடுத்த நொடி ஒரு குண்டு விழுந்து அந்த வீட்டில் இருந்த எல்லோரும் மடிந்தார்கள்.

திருமணத்தன்று காலையில் வையம்பட்டியிலிருந்து பஸ்ஸில் மூவரும் வந்தார்கள். நான் நினைத்ததைவிட அவர் குள்ளமாக இருந்தார். முகூர்த்தம் முடிந்ததும் அப்பா அவரை மேடைக்கு எதிரே போட்டிருந்த பந்திக்கு அழைத்துப் போனார்; இலையில் மோர்க்குழம்பு ஊற்ற வந்தவரை நானே மேடையிலிருந்து கையசைத்துத் தடுத்தேன்.

பெயரைக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்த நான், கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. இப்போது அந்த விதியை நீக்கிவிட்டோம். குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் முதல் நாளே பெயரும் ஊரும் கேட்கிறோம், தெருவைக் கேட்பதில்லை.