நீல டிரம்மில் போன வெந்நீர்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயன் வீட்டில் தீபாவளிக் குளியலுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அப்பா, அடுத்து அண்ணன், பிறகு நான், கடைசியில் அம்மா. வெந்நீர் ஒரே ஒரு அண்டாதான். அண்ணன் என்கிற மகாராஜா குளித்துவிட்டு வெளியே வரும்போது அண்டாவின் அடி தெரியும். என் பங்குக்கு இரண்டு சொம்பு, அதுவும் ஆறிப்போய்.

நான்காம் வகுப்புப் படித்தபோது இந்த அநியாயத்துக்கு ஒரு முடிவு கட்டினேன். குன்னூரில் அந்த வாரம் விடாத மழை. கேஸ் முந்தின நாள் முறுக்கோடு தீர்ந்திருந்தது. காய்ந்த விறகில் மிச்சமிருந்ததை வைத்து ஊதி ஊதி அம்மா அண்டாவைக் கொதிக்க வைத்துவிட்டு, எல்லார் தலையிலும் எண்ணெய் வைக்க உட்கார்ந்தாள். அண்ணனுக்குத் தேய்க்கும் நேரம் பார்த்து, வெந்நீர் முழுவதையும் மொண்டு பக்கத்திலிருந்த நீல டிரம்மில் ஊற்றிவிட்டேன். அதில் பாதிக்குமேல் பச்சைத் தண்ணீர் இருந்தது. இனி நாலு பேருக்கும் சமமாகச் சூடு கிடைக்கும் என்பது என் கணக்கு.

அப்பா டிரம்மில் கையை விட்டுப் பார்த்தார். "ஏன் அம்மிணி, வெந்நி எங்க?"

"ஒரு சொட்டுக்கூடக் கீழ கொட்டலீங்கப்பா. சூடெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது."

"இருக்குது சாமி. அதைப் பொறுக்கி எடுத்து மறுக்கா அண்டாவுல போட யாரால முடியும்?"

நாலு எண்ணெய்த் தலைகள், மூட்ட வேறு விறகில்லை. அண்ணன் பல் தந்தியடிக்கக் குளித்துவிட்டு வந்து என் காதைத் திருகினான். எண்ணெய் சரியாகப் போகாமல் எல்லார் புதுத்துணியிலும் கறை. நான் ஒரு மூலையில் நின்று அழுதேன்.

கடைசியாகக் குளித்த அம்மா மட்டும் திட்டவில்லை. "அழுவாத கண்ணு. தண்ணி எனக்கு இதமாத்தான் இருந்துச்சு" என்றாள். பொய் சொல்லித் தேற்றுகிறாள் என்று நினைத்து இன்னும் அழுதேன்.

இன்று நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். என்ட்ரோபி பாடம் வந்தால் அந்த டிரம்தான் உதாரணம். சூடு அழிவதில்லை, பரவிவிடுகிறது. பரவியதைத் திரும்ப ஓரிடத்தில் சேர்க்க, வேறெங்காவது புதிதாக விறகு எரிந்தாக வேண்டும். 'இருந்தும் உதவாத சூடு' என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள், கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கே ஆறிப்போன இரண்டு சொம்பு என்றால், எனக்குப் பிறகு குளித்தவளுக்கு அண்டாவில் என்ன இருந்திருக்கும்? அவளை அங்கேயே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அம்மா பொய் சொல்லவில்லை. அத்தனை தீபாவளிகளில் அவள் பச்சைத் தண்ணீரில் குளிக்காதது அந்த ஒரு வருஷம்தான்.