நிறுத்தாத கணினி

மேசை விசிறியைத் தன் முகத்திலிருந்து திருப்பி, மூலையில் ஓடும் கணினியின் முதுகுக்கு வைக்கிறார் தங்கசாமி அண்ணாச்சி. பனியன் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கும் காற்று கிடையாது. கேட்டால், "நாம வேத்தா தொடச்சுக்கிடலாம். அது என்ன செய்யும்?" என்பார்.

திருச்சுழி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கடைக்கு இன்டர்நெட் பார்க்க இப்போது யாரும் வருவதில்லை. ஊரே கைப்பேசிக்குள் குடிபோய்விட்டது. வருகிறவர்களுக்குப் பட்டா நகலும் ஆதார் நகலும் போதும். மீதிப் பொழுதெல்லாம் அண்ணாச்சி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் கலர் கலராக ஒரு சுருள் முறுக்கிக்கொண்டும் மடங்கிக்கொண்டும் இருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, கோழிக் குடலாட்டம்?" என்று பக்கத்துக் கடைக்காரனான நானும் ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"புரதம். நம்ம ஒடம்புக்குள்ள இருக்கிறது. மடிப்பு சரியா விழுந்தாத்தான் வேல செய்யும், தப்பா விழுந்தா சீக்கு. எப்பிடி மடங்குதுன்னு கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டரு பத்தாதாம். அதான் ஒலகம் பூரா ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குடுக்குறோம்." 'குடுக்குறோம்' என்னும்போது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

மகள் ஜோதிகா டென்மார்க்கில் அந்த ஆராய்ச்சியில் இருக்கிறாள். பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து செய்கிற வேலை. விருப்பமுள்ள யாரும் தங்கள் கணினியை அதற்கு ஓடவிடலாம். லீவில் வந்தபோது அவள்தான் இதை மாட்டிவிட்டுப் போனாள். மனைவி பொன்னுத்தாய் இறந்தபிறகு அண்ணாச்சிக்கு வீட்டில் பேச ஆளில்லை. ஞாயிறு மதியம் ஜோதிகா கூப்பிட்டு, "எவ்வளவு முடிஞ்சிருக்குப்பா?" என்பாள். பதில் சொல்ல அவருக்கு அரைமணி நேரம் ஆகும். கரண்டு போன கதையெல்லாம் அதில் வரும்.

போன தை மாதம் அவள் குழு வேறு வேலைக்கு மாறிவிட்டது. இனிப் புதிய புரதங்களைத் தாங்களே வடிவமைக்கப் போகிறார்களாம். அதற்கு அங்குள்ள பெரிய இயந்திரங்களே போதுமாம். "நீங்க நிறுத்திருங்கப்பா, வீணா எதுக்கு?" என்றாள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேம்மா" என்பதோடு முடிந்துவிடுகிறது. பக்கத்தில் இருந்து கேட்கிற எனக்கே கஷ்டமாக இருக்கும்.

கணினி மட்டும் ஓடுகிறது. இப்போது அதில் வருவது வேறு நாட்டில் வேறு யாரோ அனுப்பும் கணக்கு. "அதான் மக வேல முடிஞ்சிருச்சே அண்ணாச்சி?" என்றேன்.

"இதுவும் யாரோ பெத்த பிள்ள பாக்குற வேலதான?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று ஞாயிறு. ஜோதிகாவின் போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டார். சாப்பாட்டு விசாரிப்பு முடிந்ததும், "என்னப்பா அங்க இரைச்சல்? இன்னும் அதை நிறுத்தலையா?" என்றாள்.

அண்ணாச்சி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எழுந்தார். செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு தார் ரோட்டில் இறங்கி எதிர்ப்புறம் போய்விட்டார். "அது பஸ்ஸுச் சத்தம்மா. எப்பவோ நிறுத்திட்டேன்" என்று அவர் உரக்கச் சொல்வது கடைவரைக்கும் கேட்டது. பிறகு, அவள் இன்னும் ஏதாவது கேட்க மாட்டாளா என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சித்திரை வெயிலில் காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி நின்றார்.