முனீஸ்வரனுக்கு வந்த வெளிநாட்டுச் சுருட்டு

என் பேத்திக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த நாளில், விடிந்ததும் அவள் செய்த முதல் காரியம் என் சுருட்டைப் பறித்ததுதான். பல் கூடத் துலக்கவில்லை. நேராக வந்து என் தலையணைக்கு அடியில் கையை விட்டாள்.

"ஆயா, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் அது வேணாம்."

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காத. அவங்க அம்மா பக்கத்து வூட்ல ஊதுபத்தி கொளுத்தினாலே ஜன்னல சாத்துறவங்க. பொண்ணோட ஆயா சுருட்டு புடிக்கிது, அதுவும் நெருப்ப வாய்க்குள்ள வச்சுகினு புடிக்கிதுன்னு தெரிஞ்சா, கொண்டாந்த பூவ அப்படியே எடுத்துகினு போயிடுவாங்க."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பையன் அவளோடு ஒரே ஆபீசில் வேலை செய்கிறவன். இருவரும் தாங்களே பார்த்துப் பிடித்துக்கொண்டது. ஊரப்பாக்கத்தில் வீடு. அவன் அம்மா சம்மதிக்க மாட்டேன் என்று வெகு காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்து, இப்போதுதான் இறங்கி வந்திருந்தார்கள். கடப்பாக்கத்து மீன்கார வீட்டில் பெண் எடுப்பதா என்ற யோசனை அந்தம்மாவுக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதனால் எங்கள் வீட்டில் அன்று சாம்பார் கொதித்தது. கடற்கரையில் குடியிருந்துகொண்டு சாம்பாரா என்று வாசலில் பூனை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"சரி, தொட மாட்டேன்," என்றேன்.

"முனீஸ்வரன் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஆனால் அவள் தேர்ந்தெடுத்த சாமிதான் சரியில்லை. எங்கள் முனீஸ்வரனே சுருட்டுப் பிரியர். சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஒற்றைப் பனையடியில் ஒரு கல்லும் வேலுமாக நிற்கிறார். ஊரில் என்ன நல்லது நடந்தாலும் அவருக்கு ஒரு சுருட்டு வைக்க வேண்டும். சும்மா வைத்தால் போதாது, பற்ற வைத்து வைக்க வேண்டும். பற்ற வைக்கிற ஆள் ரெண்டு இழுப்பு இழுத்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடல் காற்றில் கனலாது. அந்த ரெண்டு இழுப்பு வேலையை ரொம்ப காலமாக நான்தான் பார்க்கிறேன். கேட்டால் பக்தி என்பேன்.

நெருப்பை உள்ளே வைத்துப் பிடிப்பதைக் கேள்விப்படாதவர்களுக்கு ஒரு வார்த்தை. என் அம்மா வழி ஆட்கள் வடக்கே பழவேற்காட்டுப் பக்கம். அங்கே பொம்பளைகள் சுருட்டின் கனலும் முனையை வாய்க்குள் வைத்து, ஈர முனையை வெளியே விடுவார்கள். கரையில் காற்று அணைக்காது, இரண்டு கையும் மீனில் இருக்கலாம், சாம்பல் கூடையில் விழாது. நாக்கு சுடாதா என்று எல்லாரும் கேட்பார்கள். பழகிய நாக்கு, பழகிய சுருட்டு, சுடாது. பழகிய சுருட்டு என்று சொன்னதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறிய பிறகு வேன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா முதலில் இறங்கினார். பூர்வீகம் படாளம், நிலத்தை விட்டுவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்டு, பெயிண்டு கடை போட்டவர். மீசைக்கு அவர் அடித்திருந்த மை, கடையில் விற்கிற பெயிண்டோ என்று எனக்குச் சந்தேகம். பின்னாலேயே அவர் சம்சாரம். ஒல்லியான பொம்பளை. வாசற்படியில் ஒரு காலை வைத்ததும் நின்று மூக்கை இழுத்தார்கள்.

"இன்னாவோ பொகை வாசன வருதே."

"சாம்பாரு லேசா அடிப்புடிச்சிடுச்சு அண்ணி," என்றாள் என் மருமகள். அடிப்பிடிக்காத சாம்பார் மேல் பழி போட்டுவிட்டாள், பாவம்.

உச்சி தாண்டித்தான் நல்ல நேரம். அதுவரை எல்லாரும் பாயில் உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும் வேனில் வந்த வழியைப் பற்றியும் பேசினார்கள். எனக்கோ வாய் ஊறியது. கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பிடிக்கப் போகவில்லை. மடியில் ஒன்று கூடுதலாகச் செருகியிருந்தேன், அதை முகர்ந்து பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

இடிந்த கோட்டைச் சுவருக்கு இந்தாண்டை என் மகனின் பழைய மீன்பிடி படகு, பைபர் போட்டு, கவிழ்ந்து கிடக்கும். அதன் மறைவுதான் என் இடம். போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் குந்தியிருக்கிறார். பட்டு வேட்டி, மை மீசை. கையில் ஒரு சுருட்டு. சுருட்டா அது, சின்னக் கரும்புத் துண்டு மாதிரி ஒன்று. இடுப்பில் தங்கக் காகிதம் மோதிரம் போலச் சுற்றியிருந்தது. லைட்டரை அடிக்கிறார், காற்று அணைக்கிறது, அடிக்கிறார், அணைக்கிறது.

என்னைப் பார்த்ததும் சுருட்டை வேட்டிக்குள் விடப் பார்த்தார்.

"வேட்டில போடாத நைனா, பட்டு," என்றேன்.

"அத்தே, வூட்ல சொல்லிடாதீங்கோ. எனக்கு சுகரு. இது அவளுக்குத் தெரிஞ்சா பெரிய பேஜாரு ஆயிடும்."

"நான் சொல்ல மாட்டேன். நீயும் என்னிய இங்க பாக்கல."

அவர் என் மடியைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

கப்பலில் வேலை செய்யும் அவர் மூத்த பிள்ளை ஒரு பெட்டி சுருட்டு அனுப்பியிருக்கிறான். வேன் சீட்டுக்கு அடியில் ஒளித்து எடுத்து வந்திருக்கிறார், கடலைப் பார்த்துக்கொண்டு பிடிக்க வேண்டும் என்று ஆசை.

"இது லிமிடெட் எடிஷன் அத்தே. எண்ணி வுட்டது. இன்னொரு தபா செய்ய மாட்டாங்கோ."

"ஏன், போணி ஆவலையா?"

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். புகையை உள்ளே விழுங்கக் கூடாதாம். வாயில் வைத்துக் கொப்பளிக்கிற மாதிரி வைத்திருந்து விட வேண்டுமாம். மூன்று பங்காகப் பிரித்து ருசி பார்க்க வேண்டுமாம், பிள்ளை போனில் சொன்னானாம்.

"மொத பங்குல முந்திரி வாசன வரும். நடுவுல காப்பி. கடைசில தோலு."

"இன்னா தோலு?"

"தோலுதான். செருப்பு, பெல்ட்டு."

"செருப்பு வாசனைக்கு எதுக்கு நைனா கப்பல்ல வரவைக்கிற. வாசல்ல கீது பாரு, உங்க வேன்ல வந்த மொத்த பேரோடதும்."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் லைட்டர் எப்படியோ பிடித்துக்கொண்டது. நாலு இழுப்பு இழுத்து, கண்ணை மூடி, முந்திரிக்காகக் காத்திருந்தார்.

"வந்துச்சா?"

"இன்னும் வரல."

"எங்கிட்ட குடு, நான் பாக்குறேன்."

என் சுருட்டைத் தொட மாட்டேன் என்றுதான் சத்தியம். இது அவர் சுருட்டு. வாங்கினேன். கை தன் பழக்கத்தில் அதைத் திருப்பியது. நெருப்பு முனையை வாய்க்குள் விட்டேன்.

என் சுருட்டு சுண்டுவிரல் தடிமன். அது நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் எதையும் தொடாமல் நிற்கும். இந்தக் கரும்புத் துண்டுக்கு அங்கே இடம் ஏது. உள்ளே போன வேகத்தில் நாக்கு, அண்ணம் இரண்டையும் ஒரே நேரத்தில் விசாரித்தது.

"அத்தே, நெருப்பு அந்தாண்ட, நெருப்பு அந்தாண்ட," என்று அவர் பதறினார்.

துப்பினேன். கண்ணில் தண்ணீர். நல்லவேளை, சுருட்டு மணலில் விழாமல் அவர் மடியில் விழுந்தது. நல்லவேளை என்று நான் சொல்கிறேன், அவர் சொல்லவில்லை. பட்டு வேட்டியில் ஒரு சின்னப் பொத்தல்.

"முந்திரி வந்துச்சா?" என்றார், வேட்டியைத் தட்டிக்கொண்டே.

"வறுத்தே வந்துச்சு."

பிறகு அவர் சொன்ன முறையிலேயே, நெருப்பை வெளியே வைத்து, மாற்றி மாற்றிப் பிடித்தோம். வெந்த நாக்கோடு தீர்ப்பு சொல்வது நியாயமில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் பங்கு ஒன்றுமில்லை. நனைந்த சாக்கை வெயிலில் போட்ட வாசனை. இதற்காகவா எண்ணி விட்டார்கள் என்று அலட்சியமாகத்தான் இருந்தேன். நடுப்பங்கில் ஆள் மாறிவிட்டது. கருவாடு சுட்ட அடுப்பில் மறுநாள் காலை காப்பி வைத்தால் ஒரு மணம் வருமே, அது. தொண்டையைக் கீறவில்லை. காரம் இருந்தது, கோபம் இல்லை. சாம்பல்தான் என்னை மயக்கியது. வெள்ளை வெளேரென்று, விரல் நீளத்துக்கு, அந்தக் காற்றிலும் உதிராமல் நின்றது. என் சுருட்டுச் சாம்பல் பெருமூச்சு விட்டாலே விழுந்துவிடும்.

"ஒத்துக்கிறேன் நைனா, நல்ல சரக்கு," என்றேன். அவருக்குப் பெண்ணையே கொடுத்துவிட்ட மாதிரி மகிழ்ச்சி.

செருப்பு வாசனைக்கு இன்னும் ஒரு பங்கு இருந்தது. அதற்குள் நிஜச் செருப்புச் சத்தம் கேட்டது. போட்டுக்கு அந்தப் பக்கம் பேத்தியின் குரல், வழக்கத்தைவிடச் சத்தமாக. "கோட்டை அந்தப் பக்கம் அத்தே, இங்க சொம்மா மணலுதான், இங்க வேணாம்."

"இல்ல, இங்கதான் வருது வாசன," என்றது மாமியார் குரல்.

அவர் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. சுருட்டை என் கையில் திணித்தார். என் கையில் இருந்தால் பேத்தி கல்யாணம் போச்சு. அவர் கையில் இருந்தால் அவர் போனார். திருப்பித் திணித்தேன். அவர் மறுபடி திணித்தார். அந்தம்மா போட்டைச் சுற்றி வந்தபோது, நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு, குத்துவிளக்கு ஏற்றுகிறவர்கள் மாதிரி நின்றிருந்தோம். அந்தம்மாவுக்குப் பின்னால் பேத்தி. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"இன்னா இது?"

கையைப் பார்த்தேன், ஏற்றுகிற விளக்கு நினைவு வந்தது. விளக்கிலிருந்து சாமி, சாமியிலிருந்து பனைமரம்.

"முனீஸ்வரனுக்கு யம்மா," என்றேன். நாக்கு வெந்ததில் 'முனீத்வரனுக்கு' என்று வந்தது. "நல்ல காரியம் தொடங்கறதுக்கு முன்ன அவருக்கு ஒண்ணு கொளுத்தி வைக்கணும். எங்க ஊரு மொறை."

"அதுக்கு இவரு எதுக்கு?"

"மாப்ள வூட்டு சார்புல ஒரு ஆம்பள நிக்கணும்."

இந்த முறை அப்போதுதான் பிறந்தது. அவர் வேகமாகத் தலையாட்டினார்.

"சாமிக்கு வைக்கிறத வாயில வச்சு எச்சி பண்ணலாமா?"

"ரெண்டு இழுப்பு இழுக்கணும் யம்மா. இல்லன்னா கனலாது. வேணும்னா ஊர்ல யார வேணாலும் கேளு." இது மட்டும் சத்தியமான உண்மை என்பதால் நிமிர்ந்து சொன்னேன்.

அந்தம்மா சுருட்டை உற்றுப் பார்த்தார்கள். "ரெண்டு இழுப்புலயா பாதி போச்சு?"

"காத்து யம்மா. கடல் காத்து."

பேத்தி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

வேறு வழியில்லை. நாலு பேரும் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் பனையடிக்குப் போனோம். கல்லின் மேல் சுருட்டை வைத்தேன். அவர் அதைப் பார்த்த பார்வை, ரயிலேறிப் போகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. அந்தம்மா கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அது அணையக் கூடாதே என்று வேண்டினேன், என் வாழ்க்கையில் அவ்வளவு மனசார நான் எதையும் வேண்டியதில்லை. அணைந்தால் சாமிக்கு இஷ்டமில்லை என்று ஆகிவிடும்.

அணையவில்லை. கடைசிப் பங்கை முனீஸ்வரன் சீராக இழுத்தார். சாம்பல் உதிராமல் நின்றது. எண்ணி விட்டவர்கள் வாழ்க.

அந்தம்மா கண்ணைத் திறந்து, சாம்பலைப் பார்த்து, புருஷன் வேட்டியில் இருந்த பொத்தலைப் பார்த்து, கடைசியாக என்னைப் பார்த்தார்கள்.

"சரி, நல்ல நேரம் ஆவுது. வாங்கோ, பூ வைக்கலாம்," என்றார்கள். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பாமலே சொன்னார்கள். "வேன் சீட்டுக்கு கீழ ஒரு பொட்டி கீது. அதுல மீதி கீறதெல்லாம் இனிமே சாமிக்குத்தான். அத நான் எடுத்து வச்சுக்கிறேன்."

மாப்பிள்ளையின் அப்பா பனைமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

பேத்தி தலையில் பூ ஏறியது. பாயசத்தை நான் ஆறவைத்துக் குடித்தேன். ஏன் பெரியம்மா பேசவே மாட்டேன் என்கிறார்கள் என்று அவர்கள் வீட்டில் யாரோ கேட்க, "சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சு," என்று பேத்தி பதில் சொல்லி என் தொடையில் கிள்ளினாள். இன்றும் அந்த இடம் தெரியும்.

கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட அன்று அவர்கள் மறுபடி வந்தார்கள். அந்தம்மா என்னை அடுப்படி ஓரமாகக் கூப்பிட்டு, முந்தானைக்குள்ளிருந்து தங்க மோதிரம் போட்ட ஒரு சுருட்டை எடுத்து என் கையில் வைத்தார்கள். வெளியே அவர் புருஷன் புது வேட்டி கட்டிக்கொண்டு, ஏற்கெனவே சவுக்குத் தோப்புப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்.

"சாமிக்கு வச்சுட்டு வாங்கோ பெரிம்மா. ஆனா ஒண்ணு," என்று குரலைத் தாழ்த்தினார்கள். "சாமியை ரெண்டு இழுப்போட நிறுத்திக்கச் சொல்லுங்கோ. அவருக்கு சுகரு கீது."