பெண் வீட்டார் என்று நினைத்து

தம்பிக்கு விசா மறுத்த கடிதத்தை நான்தான் முதலில் படித்தேன். கடத்தூர் பேருந்து நிலையத்தில், அவனுடைய போனில், வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு. எவ்வளவு மரியாதையான ஆங்கிலம்! விண்ணப்பதாரர் வெல்டர் என்பது நம்பும்படி இல்லை; தொலைபேசியில் விசாரித்தபோது அவர் விவசாயம் செய்கிறார் என்றும், வெளிநாடு போகும் எண்ணமே இல்லை என்றும் அவருடைய தந்தை சொன்னார். ஆகவே மறுக்கிறோம்.

என்ன சொல்ல? ஓசூரில் பாய்லர் குழாய்களைப் பற்றவைத்தே இளமையைத் தீர்த்தவன் அவன். பற்றவைக்கும் வெளிச்சம் பட்டுக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிய, உருளைக்கிழங்கை வெட்டி இமைமேல் வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தவன். கப்பல் கட்டும் கம்பெனி ஒன்று கடல் தாண்டிச் சென்னைக்கு ஆள் அனுப்பி, அவன் பற்றவைத்த குழாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒரு பொட்டுக் குறையில்லை என்று வேலை கொடுத்திருந்தது. இரும்புக்குள் நுழைந்து பார்த்த கதிர் நம்பிவிட்டது. தூதரகத்துக்கு மட்டும் அப்பாவின் வாய் தேவைப்பட்டது.

வீட்டுக்குப் போனபோது அப்பா குச்சிக்கிழங்கு நடவுக்கான மரவள்ளிக் குச்சிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார். “நம்ம தம்பியப் பத்திக் கேட்டு யாராச்சும் போன் பண்ணாங்களாப்பா?” என்றேன்.

“அந்தச் சென்னைக்காரம்மாவா? பொண்ணு வூட்டுக்காரங்கடா அவங்க. பையன் என்ன பண்றாரு, நெலம் இருக்குதா, வெளிநாடு போற யோசன இருக்குதான்னு கேட்டாங்க. நல்ல மாதிரியாத்தான் பேசுனாங்க. நானும் பதமாச் சொல்லி வச்சிருக்கேன்.”

அவருடைய முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் யாரும் இன்னார் என்று சொல்லிக்கொண்டு விசாரிப்பதில்லை. உரக்கடையில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், வேறு எதற்கோ கூப்பிட்டதுபோல் போன் போட்டு மெல்லத் தோண்டுவார்கள். தம்பிக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அரூர் வரைக்கும் அத்தனை தரகர்களிடமும் அவன் ஜாதகம் இருந்தது, அத்தனை ஜாதகத்திலும் அப்பாவின் நம்பர் இருந்தது. வெல்டர் என்றதும் ஒரு வீட்டில் ‘கண்ணு போயிருமாமே’ என்றார்கள். வெளிநாடு போகிறான் என்றதும் இன்னொரு வீட்டில் ‘எம் பொண்ணு போனோடயா குடும்பம் நடத்துவா’ என்றார்கள். இதற்குமேல் அப்பா என்ன செய்வார்? ஒவ்வொரு வீடாகக் கேட்டுக் கேட்டு, வேண்டாததையெல்லாம் மகனிலிருந்து வெட்டி எறிந்தார். மிஞ்சியது போர்வெல் வற்றிய கொல்லையும் ஒரு விவசாயியும். விசா விண்ணப்பத்திலும் தம்பி அப்பாவின் நம்பரைத்தான் கொடுத்திருந்தான்.

மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம் அவகாசம். சொன்னது பொய், பெண் வீட்டார் என்று நினைத்துச் சொன்னது என்று அப்பா பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் விசாவுக்கு விண்ணப்பித்துக் கொடுத்த சென்னை ஏஜென்ட்.

“பொய் சொன்னேன்னு நானே கையெழுத்துப் போட்டா, அப்பறம் எவன்டா நம்ம வூட்டுக்குப் பொண்ணு குடுப்பான்?” என்று குதித்தார் அப்பா.

“இப்ப மட்டும் வரிசையில நிக்கறாங்களா?” என்றான் தம்பி. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மறுநாள் மூவரும் தர்மபுரிக்குப் பஸ் ஏறினோம். நோட்டரி அலுவலகத்தில் டைப் அடித்தவர் பாதியில் நிறுத்தி அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். “பெரியவரே, பொண்ணு வூட்டுக்குச் சொன்ன பொய்க்கெல்லாம் பத்திரம் போட ஆரம்பிச்சா, இந்த ஜில்லாவுல தாளு பத்தாதுங்க.” நோட்டரி சிரித்தார், நான் சிரித்தேன், அப்பாகூடக் கொஞ்சம் சிரித்தார். தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, கல்லில் கொத்துகிறவரைப்போலத் தன் பெயரை எழுதினார்.

காத்திருந்த நாட்களில் தம்பி தொப்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கூலிக்குப் போனான். மலைச்சரிவில் பிரேக் பிடிக்காமல் மோதி நசுங்கிய லாரிகள் அங்கே வரிசையாக நிற்கும். எக்ஸ்ரே கண்ணுக்கே குறை காட்டாத கை, கிழிந்த தகரத்தை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தது. இந்த மாவட்டத்தில் வேலை தெரிந்தவனுக்கு மிஞ்சுவது மற்றவனின் விபத்துதான் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பதில் வந்தது. அதைப் பார்க்கத் தம்பி பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தான், முகத்தில் கரி. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் மனசுக்குள் படித்து முடித்தேன். சான்றிதழ்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எக்ஸ்ரே படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“என்னடா போட்டிருக்கான்?” என்றார் அப்பா.

“ஒத்துக்கலப்பா.”

“ஏனாம்?”

“காரணமெல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல.”

“சொல்லுண்ணா,” என்றான் தம்பி. “அவரு கையெழுத்துக்குத்தான பதிலு வந்திருக்குது. அவருக்கே சொல்லு.”

சொன்னேன். தந்தை தன் வசதிக்காகப் பொய் சொல்லக்கூடியவர் என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். எனவே அவர் இப்போது சொல்வதையும் ஏற்க முடியாது. பொய்யை ஒரே போனில் நம்பியவர்கள் உண்மைக்கு முத்திரைத்தாள் கேட்டார்கள், கொடுத்தோம், கொடுத்ததையே காரணமாக்கித் திருப்பி வீசினார்கள்.

அப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். பிறகு என்னைப் பார்த்து, “இதுக்கு மேல கேக்க எடமே இல்லியா?” என்றார்.

“கோர்ட்டு இருக்குது. அந்த நாட்டுல.”

“நான் வரேன்டா. நேர்ல நின்னு சொல்றேன். ஆளப் பாத்தா நம்பாமயா போயிருவாங்க?”

தம்பி அவரைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக அவன் குரல் தணிந்திருந்தது.

“அங்க போறதுக்கும் விசா வேணும்ப்பா.”

“எனக்குமா?” என்றார் அப்பா.